இரண்டு நாள், நான்கு கிண்ணம்: ராமென் உண்ண எந்த நகரம்?

ஜப்பானில் வேலை, படிப்பு, சுற்றுலா என்று ஏதோ ஒரு காரணத்தால் தங்கியிருப்பவருக்கு ஒரு சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் முழுதாகக் கையில் கிடைக்கின்றன. அந்த இரண்டு நாளையும் ராமென் என்ற நூடுல்ஸ் சூப்பை உண்பதற்கென்றே ஒரு பெருநகரில் கழிக்க அவர் முடிவும் செய்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். எந்த நகரம் என்பதுதான் மீதியிருக்கும் கேள்வி. டோக்கியோ, சப்போரோ, ஃபுகுவோகா ஆகிய மூன்றும் தாமாகவே முன்னால் வந்து நிற்கும். மூன்றுக்கும் தனித்தனி ராமென் மரபு உண்டு. மூன்றிலும் ஒரு மாதம் தங்கி உண்டாலும் தீராத அளவுக்குக் கடைகள் உண்டு.

எந்த ஊர் ராமென் சுவையில் உயர்ந்தது என்று கேட்டு இதைத் தீர்க்க முயல்வதுதான் வழக்கம். என் முதல் பயணத்தை நானும் அப்படித்தான் திட்டமிட்டேன். கட்டாயம் உண்ண வேண்டிய பத்துக் கடைகள் என்ற வகைப் பட்டியல் ஒன்றை எடுத்து, கைபேசி வரைபடத்தில் பத்துப் புள்ளிகளும் வைத்துக்கொண்டு புறப்பட்டவன், ஞாயிறு மாலை ரயிலேறும்போது மூன்று கடைகளில்தான் உண்டிருந்தேன். மற்ற ஏழில் ஒன்றில் சூப் தீர்ந்துவிட்டிருந்தது, இரண்டுக்கு ஞாயிறு விடுமுறை, மீதி நான்குக்கு என்னிடம் நேரமும் இல்லை, வயிற்றில் இடமும் இல்லை. அதன் பிறகு நகரங்களைச் சுவையால் ஒப்பிடுவதை விட்டுவிட்டேன். இரண்டு நாளில் அந்த நகரம் எத்தனை கிண்ணங்களை உண்ண விடும், அந்தக் கிண்ணங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபட்டிருக்கும் என்ற இரண்டு கேள்விகளே இப்போது என் அளவுகோல்.

முதலில் வயிற்றுக் கணக்கைப் பார்த்துவிடலாம். வழக்கமான ஒரு ராமென் கிண்ணத்தில், வேகவைப்பதற்கு முந்தைய எடையில், 130 முதல் 150 கிராம் வரை நூடுல்ஸ் இருக்கும். அதோடு எலும்புச் சாறு, அதன்மேல் மிதக்கும் கொழுப்பு, பன்றி இறைச்சித் துண்டுகள், மஞ்சள் கரு இறுகாத முட்டை. சூப்பைக் கடைசிச் சொட்டுவரை குடித்தால் ஒரே கிண்ணத்தில் 5 முதல் 7 கிராம் வரை உப்பு உள்ளே போகும். ஜப்பானிய அரசின் 2020ஆம் ஆண்டு உணவு வழிகாட்டி ஒரு நாள் முழுவதற்கும் வைத்திருக்கும் இலக்கே ஆண்களுக்கு 7.5 கிராமுக்குள், பெண்களுக்கு 6.5 கிராமுக்குள் என்பது. உலக சுகாதார நிறுவனம் இன்னும் இறங்கி 5 கிராம் என்கிறது. ஆகவே சூப்பில் பாதியையாவது கிண்ணத்திலேயே விட்டுவிட மனம் பழகினால்தான் நாளுக்கு இரண்டு கிண்ணம் என்பது தாங்கக்கூடிய கணக்காகும். நூடுல்ஸை முடித்துவிட்டுச் சூப்பை மிச்சம் வைப்பதை ஜப்பானில் யாரும் குறையாக எடுத்துக்கொள்வதில்லை, எனவே அதில் தயக்கம் வேண்டியதில்லை.

கடிகாரமும் இதே எண்ணைத்தான் சொல்கிறது. பெயர்பெற்ற கடைகள் பெரும்பாலும் காலை 11 மணியளவில் திறந்து, பிற்பகல் 2 அல்லது 3 மணிக்கு மூடி, மாலை 5 அல்லது 6 மணிக்கு மறுபடி திறக்கின்றன. அன்றைக்கு வைத்த சூப் தீர்ந்தால் அறிவித்த நேரத்துக்கு முன்பே கதவை அடைத்துவிடுகின்றன. மதியத்தில் ஒன்று, இரவில் ஒன்று என்று இரண்டு நாளுக்கு நான்கு கிண்ணம். நள்ளிரவு வரை கடை திறந்திருக்கும் ஊராக இருந்தால் ஐந்து. இதற்குமேல் திட்டமிடுபவர் உண்ணப் போகவில்லை, கணக்குக் காட்டப் போகிறார் என்பது என் எண்ணம். இந்த நான்கை எங்கே செலவிடுவது என்பதுதான் விஷயம்.

டோக்கியோவின் பலம் அதன் வகைகளில் இருக்கிறது. 1910இல் அசகுசாவில் திறக்கப்பட்ட ராய்ராய்கென் என்ற கடை, யோகோஹாமாவின் சீனக் குடியிருப்பிலிருந்து சமையற்காரர்களை அழைத்துவந்து, சோயா சாஸ் கலந்த தெளிந்த சூப்பில் நூடுல்ஸ் பரிமாறிப் புகழ்பெற்றது. ஷோயு ராமென் என்று இன்று அழைக்கப்படும் டோக்கியோ வகையின் வரலாற்றை அந்தக் கடையிலிருந்து சொல்லத் தொடங்குவதே வழக்கம். நகானோவில் இருந்த தைஷோகென் கடையில் வேலை செய்துவந்த யமாகிஷி கசுவோ, ஊழியர்கள் தங்களுக்கென்று செய்துகொண்ட ஒரு சாப்பாட்டை, அதாவது குளிர்ந்த நீரில் அலசிய நூடுல்ஸைத் தனித் தட்டில் வைத்துக்கொண்டு சுண்டிய சூப்பில் தோய்த்து உண்பதை, 1955இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். சுகெமென் என்ற வகை அப்படிப் பிறந்தது. 1968இல் தொடங்கி, பின்னர் மிதா பகுதியில் கெய்யோ பல்கலைக்கழகத்துக்கு அருகே நிலைகொண்ட ராமென் ஜிரோ, மலைபோலக் குவித்த முட்டைக்கோசும் பயறு முளையும், நசுக்கிய பூண்டும், கட்டியான பன்றிக்கொழுப்புமாகத் தனக்கென ஒரு கூட்டத்தையே உருவாக்கிக்கொண்டது. இவை தவிர, உலர்ந்த நெத்திலி வகை மீன்களின் கசப்பு தூக்கலாக நிற்கும் சூப், கோழி எலும்பை மட்டும் கொதிக்கவைத்து வெளுத்த சூப், யூசு எலுமிச்சையின் மணம் ஏற்றிய உப்புச் சூப் என்று எதை வேண்டுமானாலும் ஒரே நகரத்துக்குள் தேடிக் கண்டுபிடிக்கலாம். உணவகங்களைத் தரப்படுத்தும் மிஷ்லின் வழிகாட்டியின் 2016ஆம் ஆண்டுப் பதிப்பில் உலகிலேயே முதன்முதலாக நட்சத்திரம் பெற்ற ராமென் கடையும் டோக்கியோவின் சுகாமோவில் இருந்த சுதாதான்.

அப்படியானால் டோக்கியோவுக்கே போய்விடலாமே என்று தோன்றும். அங்கேதான் கிண்ணக் கணக்கு உதைக்கிறது. வார இறுதியில் ஒரு பெயர்பெற்ற கடையின் முன் ஒரு மணி நேரம் நிற்பது அங்கே சாதாரணம், இரண்டு மணி நேரமும் வியப்பில்லை. சுதா சுகாமோவில் இருந்த காலத்தில் காலை 7 மணிக்கு வந்து, 1000 யென் முன்பணம் கட்டி, நேரம் குறித்த சீட்டை வாங்கிக்கொண்டு, அந்த நேரத்துக்குத் திரும்பி வர வேண்டியிருந்தது. ஒரே ஒரு கிண்ணத்துக்காக ஒரு முற்பகல் முழுவதும் அந்தப் பகுதியைச் சுற்றியே கழிந்துவிடும். வரிசை மெதுவாக நகர்வதற்குக் கடைக்காரரின் அலட்சியம் காரணம் இல்லை. சுகெமெனுக்கு உரிய தடித்த நூடுல்ஸ் வேகவே எட்டு, பத்து நிமிடம் ஆகும். அதன்பின் அலச வேண்டும். கடையில் இருப்பது எட்டு அல்லது பத்து இருக்கை. வரிசையில் நிற்பவர் தமக்கு முன்னால் எத்தனை பேர் என்று எண்ணிப் பத்தால் வகுத்தால், எத்தனை சுற்று காத்திருக்க வேண்டும் என்பது உத்தேசமாகத் தெரிந்துவிடும், ஒரு சுற்றுக்கு இருபது முதல் இருபத்தைந்து நிமிடம் என்று வைத்துக்கொண்டால் போதும். நான் இந்தக் கணக்கைக் கற்றுக்கொண்டது ஒரு மழை நாளில், நாற்பத்தைந்து நிமிடம் குடையோடு நின்று, எனக்கு முன்னால் நான்கு பேர் இருக்கும்போது உள்ளிருந்து ஒருவர் வந்து இருகைகளையும் குறுக்கே வைத்துக் காட்டிச் சூப் முடிந்தது என்று தலைவணங்கிய பிறகு.

இன்னும் இரண்டு இடர்கள் உண்டு. அலுவலகப் பகுதிகளில் உள்ள நல்ல கடைகள் பல, வாடிக்கையாளர்களே அலுவலகத்தார் என்பதால், ஞாயிற்றுக்கிழமை திறப்பதில்லை. வார இறுதிப் பயணிக்கு இது நேரடியான நட்டம். மற்றொன்று அளவு. ஜிரோவில் சிறியது என்று டிக்கெட் இயந்திரத்தின் பொத்தானில் எழுதியிருக்கும் கிண்ணத்திலேயே 300 கிராமை ஒட்டிய நூடுல்ஸ் வரும். அதாவது மற்ற ஊர்களின் இரண்டு கிண்ணம். மதியம் அதை உண்டவருக்கு அன்றைய இரவுக் கிண்ணம் கிடையாது என்று நிச்சயமாகச் சொல்லலாம், மறுநாள் மதியத்துக்கும் உத்தரவாதம் தர முடியாது. இப்படியாக, வகைகள் மிகுந்த டோக்கியோவில் வார இறுதியில் கைக்கு எட்டுவது பெரும்பாலும் மூன்று கிண்ணம்தான். ஆயினும் அந்த மூன்றும் ஒரே உணவின் பெயரால் அழைக்கப்படுவது வியப்பாகத் தோன்றும் அளவுக்கு வேறுபட்டிருக்கும் என்பதையும் மறைக்கக் கூடாது. வரிசைக்கு அஞ்சுபவர்கள் டோக்கியோ ரயில் நிலையத்தின் யாயெசு பக்கத்து நிலத்தடியில் எட்டுக் கடைகள் கூடியிருக்கும் டோக்கியோ ராமென் தெருவை நாடலாம். அங்கும் வரிசை உண்டு, ஆனால் ஒன்று நீண்டிருந்தால் பத்தடி நடந்து அடுத்ததில் நிற்கலாம்.

சப்போரோவின் வழக்கு முற்றிலும் வேறு. புளிக்கவைத்த சோயா விழுதான மிசோவைச் சேர்த்த மிசோ ராமென் இந்த நகரத்தில் 1950களின் நடுவில் அஜி நோ சான்பெய் கடையில் உருவானது. அந்தக் கடை இன்றும் இருக்கிறது, நகர மையத்தில் எழுதுபொருள் விற்கும் ஒரு கட்டடத்தின் நான்காவது மாடியில். பேனாக்களையும் வண்ணத் தாள்களையும் கடந்து மேலே ஏறினால் பூண்டும் மிசோவும் வதங்கும் மணம் வந்து சேரும். சப்போரோ முறையில் சமையற்காரர் இரும்புச் சட்டியில் பன்றிக்கொழுப்பைக் காயவைத்து, வெங்காயமும் பயறு முளையும் கொத்திறைச்சியும் போட்டு, தீ சட்டிக்குள் பாயும்படி வதக்கி, அதன்மேலேயே மிசோ விழுதையும் சூப்பையும் ஊற்றிக் கொதிக்கவைக்கிறார். நூடுல்ஸ் மஞ்சளாக, சுருண்டு, கடித்தால் எதிர்த்து நிற்கும் வகை. இனிப்புச் சோளமும் வெண்ணெய்த் துண்டும் மேலே வைத்துத் தருவதை வெளியூரார் பெரிதும் விரும்புகிறார்கள். வெண்ணெய் மிசோவின் கூர்மையை மழுக்கிவிடுவதால், முதல் கிண்ணத்தில் அதை வேண்டாம் என்று சொல்வதே நல்லது என்று நான் நினைக்கிறேன்.

பழைய பாணிக் கடைகளின் கிண்ணத்தில் உருகிய கொழுப்பு ஒரு மெல்லிய கண்ணாடித் தகடு போலச் சூப்பின் முகத்தை முழுதாக மூடியிருக்கும். வெளியே பனி கொட்டும் ஊரில் சூடு வெளியேறாமல் காப்பது அதன் வேலை. இதை அறியாமல் நான், கிண்ணத்திலிருந்து ஆவியே வரவில்லையே, ஆறிவிட்டதுபோலும் என்று எண்ணிக் கரண்டி நிறைய எடுத்துக் குடித்து, மேலண்ணத்தைச் சுட்டுக்கொண்டேன். அன்றிரவு உண்ட இரண்டாவது கிண்ணத்தின் சுவை எனக்குத் தெரியவே தெரியாது.

ஆவி வராத கிண்ணத்தை மதிக்கக் கற்றுக்கொண்டவருக்கு, குளிர்காலச் சப்போரோவைப் போன்ற ராமென் நகரம் வேறில்லை. சுசுகினோ பகுதியில் 1971இல் அமைக்கப்பட்ட ராமென் சந்தில், இருவர் எதிரெதிரே வந்தால் தோள் உரசும் அகலத்தில், பதினேழு கடைகள் அளவில் அடுக்காக நிற்கின்றன. பின்னிரவு வரை திறந்திருக்கும் கடைகள் அவற்றில் பல. எனவே ஐந்தாவது கிண்ணத்துக்கு இங்கே வாய்ப்பு உண்டு. ஹொக்கைடோ தீவின் மற்ற இரண்டு மரபுகளான அசாஹிகாவாவின் ஷோயு வகையும் ஹகோதாதேயின் தெளிந்த உப்பு வகையும் சப்போரோவிலேயே கிடைப்பதால், தொடர்ந்து நான்கு முறை மிசோ உண்ண வேண்டிய கட்டாயமும் இல்லை.

சப்போரோவை நான் முதலிடத்தில் வைக்காததற்குக் காரணம் பயணம். டோக்கியோவின் ஹனேடாவிலிருந்து ஷின் சிதோசே விமான நிலையத்துக்கு ஒன்றரை மணி நேரம், அங்கிருந்து நகருக்கு விரைவு ரயிலில் ஏறக்குறைய 40 நிமிடம். நல்ல நாளில் இது பெரிய சிரமம் இல்லை. ஆனால் ராமெனுக்காகப் போக வேண்டிய பருவமான டிசம்பர் முதல் பிப்ரவரி வரைதான் பனிப்புயலால் விமானங்கள் தாமதமாவதும் ரத்தாவதும் நிகழ்கின்றன, பிப்ரவரித் தொடக்கத்துப் பனித் திருவிழாவின்போது விடுதி அறை கிடைப்பதும் அரிது. திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் இருந்தே ஆக வேண்டியவர் ஞாயிறு மாலை விமானத்தை நம்பி அங்கே போவது ஒரு சூதாட்டம். ஒரு நாள் கூடுதல் விடுப்பு எடுக்க முடிந்தால் கதை மாறிவிடும். கோடையில் போகலாமே என்றால், போகலாம். ஆனால் அந்தக் கொழுப்புத் தகட்டுக்குக் கோடையில் வேலை இல்லை.

ஃபுகுவோகாவை எடுத்துக்கொண்டால், முதலில் கவனிக்க வேண்டியது ராமென்கூட அல்ல, சுரங்க ரயில்தான். விமான நிலையத்திலிருந்து நகரின் முக்கிய ரயில் நிலையமான ஹகாதா இரண்டாவது நிறுத்தம், ஐந்தாறு நிமிடப் பயணம். உள்ளூர் விமானத்தில் வந்து இறங்கியவர், கைப்பையோடு மட்டும் வந்திருந்தால், ஒரு மணி நேரத்துக்குள் முதல் கிண்ணத்தின் முன் அமர்ந்துவிடலாம். ஞாயிறன்றும் அப்படியே, விமானம் கிளம்பும் இரண்டு மணி நேரத்துக்கு முன்புவரை நகருக்குள் உண்டுகொண்டிருக்கலாம். சப்போரோவில் பயணத்துக்கும் டோக்கியோவில் வரிசைக்கும் போகும் நேரம் இங்கே சாப்பாட்டுக்கே மிஞ்சுகிறது.

இங்கத்திய ராமென் டோன்கொட்சு எனப்படும் பன்றி எலும்புச் சாற்றில் செய்யப்படுவது. இதன் பிறப்பிடம் ஃபுகுவோகா நகரம் என்று பலர் நினைத்தாலும், அதே மாவட்டத்தில் தெற்கே உள்ள குருமே ஊரில் 1937இல் நான்கின் சென்ரியோ என்ற தள்ளுவண்டிக் கடைதான் பன்றி எலும்பு ராமெனைத் தொடங்கியது. அப்போது சூப் ஓரளவு தெளிவாகவே இருந்தது. 1947இல் அதே ஊரில் இன்னொரு கடையில் அடுப்பில் வைத்த சூப் கவனிப்பாரின்றி அளவுமீறிக் கொதித்து வெளுத்துப்போய்விட, கொட்டிவிடாமல் ருசி பார்த்ததில்தான் இன்றைய பால்வெள்ளைச் சூப் கிடைத்தது என்று சொல்லப்படுகிறது. நீண்ட நேரம் பொங்கப் பொங்கக் கொதிக்கும்போது எலும்பின் கொழுப்பு நுண்துளிகளாக உடைந்து, எலும்பிலிருந்து கரைந்த பசைப்பொருளோடு கலந்து, பிரியாமல் நிற்பதே அந்த வெண்மைக்குக் காரணம். குருமேயில் பானையை ஒருபோதும் காலி செய்யாமல், பழைய சூப்போடு புதிய சூப்பைச் சேர்த்துக்கொண்டே போகும் முறை இன்றும் உண்டு. ஹகாதாவிலிருந்து ஷின்கான்சென் அதிவேக ரயிலில் இருபது நிமிடத்துக்குள் அங்கே போய்விடலாம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஃபுகுவோகாவுக்கு ஆதரவாக நான் சொல்ல விரும்பும் முக்கியமான வாதம், தலைமுடி போன்ற அதன் மெல்லிய நூடுல்ஸ். நகரின் நாகாஹாமா மீன் சந்தையில் நிற்கவும் நேரமின்றி உண்ட தொழிலாளிகளுக்காகச் சட்டென்று வேகும்படி இழைகள் மெலிந்தன. மெல்லிய இழை சூப்பில் ஊறிக் குழைந்துவிடும் என்பதால் முதல் தடவை குறைவாகப் போட்டு, வேண்டியவருக்கு நூடுல்ஸை மட்டும் மறுமுறை தரும் கயேதாமா வழக்கம் அங்கே வேரூன்றியது. ஒரு கிண்ணத்தில் 100 முதல் 120 கிராம் வரைதான் இருக்கும். நூடுல்ஸ் ஒரு நிமிடத்துக்குள் வெந்துவிடுகிறது, உண்பவர் பத்து நிமிடத்தில் எழுந்துவிடுகிறார், ஆகவே வரிசை நீளமாகத் தெரிந்தாலும் கண் முன்னாலேயே நகர்கிறது. டோக்கியோவில் பத்தால் வகுத்துக் கிடைத்த சுற்றை இருபத்தைந்து நிமிடத்தால் பெருக்கினோம் அல்லவா, இங்கே பத்துப் பன்னிரண்டு நிமிடத்தால் பெருக்கினால் போதும். விலையிலும் 1000 யென்னைத் தாண்டாத கிண்ணங்கள் இன்னும் நிறையவே இருக்கின்றன. டோக்கியோவின் புதுப்பாணிக் கடைகள் பலவற்றில் அந்த எல்லை எப்போதோ கடந்துபோய்விட்டது.

கயேதாமா கேட்கும் விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனெனில் நான்கு கிண்ணக் கணக்கைக் கெடுப்பதும் அதுதான். நூடுல்ஸ் எவ்வளவு வெந்திருக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வழக்கமானது, அதைவிட விறைப்பான கத்தா, இன்னும் விறைப்பான பரிகத்தா, கம்பி என்று பொருள்படும் ஹரிகனே, மேலே ஒட்டிய மாவை மட்டும் வெந்நீரில் உதிர்த்து எடுப்பதாகிய கொனாஓதோஷி என்று படிகள் இறங்குகின்றன. கத்தாவுக்குக் கீழே இறங்குவதில் வீரம் தவிர வேறு பயன் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. பச்சை மாவின் வாடை சூப்பையே கெடுக்கிறது. நூடுல்ஸில் கால்பங்கு மிச்சமிருக்கும்போதே கயேதாமா என்று சொல்லிவிட வேண்டும். சூப்பை அதற்குள் குடித்துத் தீர்த்திருக்கக் கூடாது. ஒரு நிமிடத்தில் சல்லடைக் கரண்டியோடு வரும் ஆள் வெந்த நூடுல்ஸை நம் கிண்ணத்துக்குள் ஒரே உதறலில் கவிழ்த்துவிட்டுப் போவார். நீர்த்துப்போன சூப்பை மேசையிலுள்ள சிறு கெண்டியின் சாஸை விட்டு நாமே சரிசெய்துகொண்டு, எள்ளும் சிவப்பு இஞ்சி ஊறுகாயும் தூவி மறுபடி தொடங்கலாம். 100 முதல் 200 யென்னுக்கு இத்தனை இன்பம் கிடைப்பதால் மனம் ஒவ்வொரு கடையிலும் அதைக் கேட்கத் தூண்டும். இரண்டு கடையில் கேட்டால் ஒரு கடையை இழந்தோம் என்று பொருள். இரண்டு நாளுக்கு ஒரே ஒரு கயேதாமா என்பது நான் எனக்கு விதித்துக்கொண்ட கட்டுப்பாடு.

குறைகளும் இல்லாமல் இல்லை. நான்கு கிண்ணமும் டோன்கொட்சுவாகவே இருக்கும் என்பது முதல் குறை. நாகாஹாமாவின் நீர்த்த, உப்பு மேலோங்கிய சூப், ஹகாதாவின் வழவழப்பான சூப், நுரை பொங்கும் புதுவகைச் சூப், குருமேயின் கனத்த சூப் என்று உள்ளுக்குள் வேறுபாடு உண்டென்றாலும், அது இரண்டாவது நாளில்தான் நாக்குக்குப் பிடிபடும். அதுவரை எல்லாம் ஒன்றுபோலவே தோன்றலாம். இரண்டாவது குறை வாடை. சில பழைய கடைகளுக்கு இருபது அடி தூரத்திலேயே எலும்பு கொதிக்கும் வாடை வந்து முகத்தில் மோதும், அது சட்டையில் ஏறினால் துவைக்கும்வரை போகாது. மூன்றாவது, நகாசு ஆற்றங்கரையிலும் டென்ஜினிலும் இரவில் முளைக்கும் யதாய் என்ற தள்ளுவண்டிக் கடைகளைப் பற்றிய மிகையான எதிர்பார்ப்பு. நகரம் முழுவதும் நூறு அளவில் இருக்கும் அவை 2013இல் வந்த நகராட்சி விதியின்கீழ் ஒழுங்காக நடக்கின்றன, பத்துப் பேர் தோளோடு தோள் உட்கார்ந்து பேசிக்கொண்டு உண்பதும் நல்ல அனுபவம்தான். ஆனால் பலத்த மழை வந்தால் அவற்றில் பல வருவதில்லை, ஞாயிறு விடுமுறை எடுப்பவையும் பல. யதாய் வேண்டுமென்றால் சனி இரவே போய்விட வேண்டும், அங்கே ராமெனை மட்டும் எதிர்பார்க்காமல் வறுவலும் சேர்த்துத்தான் உண்ண வேண்டும். ராமெனை மட்டுமே அளந்தால் நிலையான கடைகளே மேல்.

ஒசாகாவை விட்டுவிட்டேன் என்று யாரேனும் சொல்லக்கூடும். உடனடி நூடுல்ஸை மொமோஃபுகு ஆண்டோ 1958இல் அங்கேதான், இகேதா என்ற புறநகர்ப் பகுதியில் உருவாக்கினார் என்பது வரலாறு. ஆனால் ஒசாகாவுக்கு உண்ணப் போகிறவர் வயிற்றைத் தாகோயாகிக்கும் ஒகோனோமியாகிக்கும் உதோனுக்கும் ஒதுக்குவதே முறை. ராமென் அங்கே இரண்டாம்பட்சம்தான்.

ஷின் யோகோஹாமாவில் 1994இல் திறக்கப்பட்ட ராமென் அருங்காட்சியகத்தை இப்படி ஒதுக்கிவிட முடியாது. நிலத்தடியில் 1958ஆம் ஆண்டுத் தெருவொன்றை மங்கிய மாலை வெளிச்சத்தோடு கட்டி, நாட்டின் பல ஊர்க் கடைகளை அதற்குள் குடியேற்றியிருக்கிறார்கள். எல்லாக் கடைகளிலும் சிறிய அளவுக் கிண்ணம் உண்டு என்பதால் ஒரே பிற்பகலில் மூன்று ஊர் ராமெனை உண்டு பார்த்துவிடலாம். வார இறுதியில் ஒரு நாள்தான் மிஞ்சியது என்றாலோ, குழந்தைகளோடு போவது என்றாலோ நான் வேறு யோசனையே செய்ய மாட்டேன். இரண்டு நாள் இருக்கும்போது மட்டும் அது போதாது. ஒரு ராமெனை அதன் சொந்த ஊரில், பக்கத்து இருக்கையில் வேலை முடிந்து வந்த உள்ளூர்க்காரர் மூன்றே நிமிடத்தில் முடித்துவிட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டே உண்பது அங்கே கிடைக்காது.

கூட வருபவர் யார் என்பதும் முடிவை மாற்றும். பன்றி இறைச்சி உண்ணாத ஒருவரோ, புலால் உண்ணாத ஒருவரோ குழுவில் இருந்தால் ஃபுகுவோகாவைப் பற்றிப் பேச்சே வேண்டாம். அங்கே சூப்பே பன்றி எலும்பு, மேலே வைக்கும் இறைச்சியை எடுத்துவிட்டால் மட்டும் தீரும் சிக்கல் அது அல்ல. சப்போரோவிலும் சட்டியில் முதலில் விழுவது பன்றிக்கொழுப்பு. டோக்கியோவில் கோழிச் சாறு மட்டும் வைக்கும் கடைகளும், முழுக்கத் தாவர உணவான ராமென் தரும் கடைகளும் தேடினால் கிடைக்கின்றன. அத்தகைய குழுவுக்கு வரிசையையும் கூட்டத்தையும் பொறுத்துக்கொண்டு டோக்கியோவே சரியான தேர்வு. ஏற்கெனவே டோக்கியோவில் குடியிருப்பவர், வார நாட்களில் வேலை முடிந்து வரிசையில்லாத நேரத்தில் அங்குள்ள கடைகளுக்குப் போய்க்கொள்ளலாம் என்பதால், வார இறுதியை அதில் வீணாக்காமல் வெளியூர் போவதே மேல்.

மற்ற எல்லாருக்கும், முதல் ராமென் பயணம் என்றால் ஃபுகுவோகா என்றுதான் சொல்வேன். டோன்கொட்சுவை ஏற்கெனவே உண்டு பார்த்து அதன் வாடை பிடிக்கவில்லை என்று உறுதியாகத் தெரிந்தவர் மட்டும், திங்களும் சேர்த்து விடுப்பு எடுத்துக்கொண்டு ஜனவரியில் சப்போரோவுக்குப் போகட்டும். ஃபுகுவோகாவுக்குப் போகிறவர் சனி மதியம் ஹகாதாவில் மிதமான ஒரு கிண்ணத்தோடு தொடங்கி, நாக்கு அந்த வாடைக்குப் பழக இடம் கொடுக்கலாம். மாலையில் ஆற்றங்கரையை ஒருமுறை நடந்துவிட்டு, யதாயில் ஏதேனும் கொறித்து, இரவு நாகாஹாமாவில் இரண்டாவது கிண்ணம். ஞாயிறு காலைப் பலகாரத்தை விட்டுவிட்டு, 11 மணிக்கு முன்பே குருமே போய்ச் சேர்ந்தால் மூன்றாவது கிண்ணத்துக்கு வரிசை இருக்காது. இரண்டு நாளில் அனுமதித்துக்கொண்ட ஒரே கயேதாமாவை நான் அங்கேதான் செலவிடுவேன், ஏனெனில் திரும்பி வரும் வழியில் அது செரிக்க நேரம் இருக்கிறது. கையில் ஆயிரம் யென் தாள்களும் சில்லறையும் இருக்கட்டும், வாசலில் நிற்கும் பழைய டிக்கெட் இயந்திரங்கள் பல பெரிய தாள்களை ஏற்பதில்லை.

நான்காவது கிண்ணம் விமான நிலையத்தின் உள்ளூர் முனையத்திலேயே இருக்கிறது. பல ஊர் ராமென் கடைகளை ஒன்றாக வைத்து, அந்தப் பகுதிக்கு ராமென் ஓடுபாதை என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். மற்ற மூன்றும் டோன்கொட்சுவாகப் போயிருக்கும் என்பதால், அங்கே தெளிந்த ஷோயு சூப்போ மிசோவோ தரும் கடை திறந்திருந்தால் அதைப் பார்த்து உட்காரலாம். சூப்பில் பாதியை விட்டுவிட்டு எழுந்தால் விமானத்தில் தாகம் குறைவாக இருக்கும்.